கண்டி மலைச்சாரலிற் பைனஸ் மரம்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்று ஹந்தானை மலையை அண்ணாந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, சரிவிலே கரும்பச்சைப் போர்வை விரித்தாற்போல நெருங்கி நிற்கும் ஓங்கிய மரத்தொகுதியாகும். புதிதாக வந்தவர் அதனைக் கண்டியரசர் காலத்துப் பழங்காடென்றே கருதுவர். அருகிற் சென்று பார்த்தாலோ மரங்கள் யாவும் ஒரே வயதின, ஒரே உயரத்தின, நூல் பிடித்து நட்டாற்போல வரிசை பிறழாதன. காலடியிற் செடி கொடிகள் அருகியிருக்கும். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோற் படிந்து, நடப்பவர் காலை வழுக்கும். பறவைகளின் குரலுங் குறைவு. இது காடன்று, காட்டின் வடிவிலே மனிதன் நட்ட தோட்டம். அம் மரத்தின் தாயகமோ உலகின் மறுபாதியிலுள்ள வட அமெரிக்கக் கண்டத்தின் தென்பகுதி.

மலையக மக்கள் இதனைப் 'பைனஸ்' என்பர். தமிழருஞ் சிங்களவரும் ஒருங்கே வழங்கும் சொல் அது. தாவரவியலார் ஓர் இனத்துக்கு இட்ட இலத்தீன் பெயர், நூலகத்தை விட்டிறங்கி விறகு பொறுக்குவோர் வாயிலும் மாடு மேய்ப்போர் வாயிலும் நிலைத்துவிட்டமை அரிய நிகழ்ச்சியே. மரத்துக்கு இந்நாட்டிலே பழைய பெயர் இல்லாமையே அதற்குக் காரணம். பெயரில்லாமைக்குக் காரணம், அம் மரக்குடும்பத்தில் ஒன்றேனும் இத் தீவிற் பிறவாமை. ஈழத்தின் இயற்கைக் காடுகளில் ஊசியிலைக் கூம்பு மரம் எதுவுமில்லை. தென்னிந்தியாவிலும் மேற்கு மலைத்தொடரின் ஈரக்காடுகளில் இவ் வகுப்பைச் சேர்ந்த ஒரே ஒரு சாதி மரந்தான் இயற்கையாக வளர்கின்றது. இமயத்துத் தேவதாருவைத் தமிழர் அறிந்தது புராணக் கதைகளாலும், நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் காய்ந்த கட்டைத் துண்டுகளாலுமேயாம். பேராதனைப் பூங்காவிற் கூம்பு மரங்கள் உண்டெனின், அவை விருந்தாளிகளாக வந்து தங்கியவை.

கண்டி மலைகளில் மிகுதியாக நடப்பெற்றது கரீபியப் பைன் எனப்படும் சாதி. தாவரவியலார் இதனைப் 'பைனஸ் கரிபேயா' என்பர். இதில் மூன்று பிரிவுகள் உள. ஒன்று கியூபாவின் மேற்குப் பகுதிக்கும் அதனை அடுத்த தீவுக்கும் உரியது. மற்றொன்று பகாமாத் தீவுகளில் வளர்வது. மூன்றாவது மெக்சிக்கோவின் தென்கிழக்கு ஓரம் தொடங்கி பெலீஸ், குவாத்தமாலா, ஹொண்டுராஸ், நிக்கராகுவா வரையும் பரந்தது. வெப்ப நாடுகளின் வனத்தோட்டங்களிற் பெரிதும் விரும்பப்பட்டது இம் மூன்றாவது பிரிவேயாகும்.

தாயகத்திலே இம் மரம் ஏழை மண்ணின் பிள்ளை. பெலீஸ் நாட்டில் 'மலைப் பைன் முகடு' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட மேட்டுநிலம் இதற்குப் பேர்போனது. கருங்கல் தேய்ந்த மணற்பாங்கான மண், அடிக்கடி பரவும் புல்நெருப்பு, நீண்ட வறட்சி ஆகியவற்றைத் தாங்கி வாழ அது பழகியுள்ளது. முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டை நெருப்பை எளிதில் உள்ளே விடாது. அந்நிலத்துப் பழங்குடிகளுக்குப் பைன் முதலில் விளக்காகவே பயன்பட்டது. பிசின் ஊறிய கட்டையைச் சிராய்களாகப் பிளந்து தீப்பந்தமாகவும், அடுப்பு மூட்டும் சுள்ளியாகவும் கொண்டனர். மெக்சிக்கோவின் நாகுவாத்தல் மொழியிற் பிறந்த 'ஒக்கோத்தே' என்ற சொல் இன்றும் அப் பிசின் விறகைக் குறிக்கின்றது. பைன் வளராத தாழ்நிலங்களிலிருந்த பழைய மாய நகரங்களின் அகழ்வுகளிலும் பைன் கரித்துண்டுகள் கிடைத்துள்ளன. தொலைவிலிருந்து கொண்டுவரப்பெற்று, வழிபாட்டிலும் செல்வர் இல்லங்களிலும் எரிக்கப்பட்டிருக்கவேண்டும் என ஆராய்ச்சியாளர் கருதுவர். இருபதாம் நூற்றாண்டிலே பெருங் கம்பனிகள் அக்காடுகளிற் புகுந்தன. 1920 களில் நிக்கராகுவாவின் கிழக்குக் கரையிற் புவேர்ட்டோ கபேசாஸ் என்னும் துறைமுகத்திலிருந்து பைன் பலகை கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று.

இத்தகைய மரம் கண்டிக்கு ஏன் வந்தது? வளமான காடு நிறைந்த நாட்டுக்கு ஏழை மண்ணின் மரம் எதற்கு? இவ் வினாவுக்கு விடை காணவேண்டின், மரத்தின் வரலாற்றை விட்டு மண்ணின் வரலாற்றுக்குச் செல்லவேண்டும்.

1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாள் கைச்சாத்தான உடன்படிக்கையினாற் கண்டியிராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதுகாறும் அவ்விராச்சியத்தின் அரண் கற்கோட்டையன்று, காடே. மலைவழிகளை மரஞ்செறிந்த கணவாய்கள் காத்தன. நகருக்கு மேலே தலதா மாளிகையின் பின்புறத்தில் உள்ள உடவத்தைக் காடு அரசர்க்கே உரியதாய், பிறர் கோடரி படாது விளங்கியது. ஆங்கிலேயரும் 1856 இல் அதனை ஒதுக்குக் காடாக்கினர். 1938 இல் அது சரணாலயமாயிற்று. நூறு எக்டேரளவிற்றான அச் சிறு காடு இன்றுங் கண்டி வாவிக்கு மேலே நிற்பதால், சுற்றியிருந்த மலைகள் ஒருகால் எவ்வாறு விளங்கின என்பதற்கு ஒருவாறு சான்றாக அமைகின்றது. சுற்றியிருந்தவை நில்லா.

அவற்றை அழித்தது கோப்பி. 1820 களிற் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி பாண்ஸ் தாமும் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி திறந்ததும் விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுபோக வழி பிறந்தது. எனினும் பெருவெள்ளம் போன்ற காடழிப்புக்கு அணை திறந்துவிட்டது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன எல்லாம், மாறாக நிறுவப்படாத விடத்து, முடிக்குரியன என அச்சட்டம் கூறிற்று. உறுதிப் பத்திரம் என்பதை அறியாத மலைநாட்டுக் கிராமத்தவன், தன் பாட்டன் சேனை செய்த காட்டுக்கு எதைக் காட்டி உரிமை நிறுவுவான்? ஏக்கர் ஐந்து சிலிங்காக நிலம் விற்கப்பட்டது. 1844 இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. நிலத்தை வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் பலர். சட்டத்தை ஆக்கியோரும் அதனாற் பயன்பெற்றோரும் ஒரே வட்டத்தவராயிருந்தமையை வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மரம் வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவரே ஒப்பந்தத்துக்குச் செய்தனர். மலையின் மேற்புறத்து மரங்களை முழுதும் வெட்டிச் சாய்க்க, அவை கீழுள்ள அரைகுறையாக வெட்டப்பட்ட மரங்களின்மீது விழுந்து, சரிவு முழுவதும் ஒரே இடியோசையோடு வீழும். சில வாரங் காயவிட்டுத் தீ மூட்டுவர். அச் சாம்பலிற் கோப்பி நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர். அவ் வடபாதையிற் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் கணக்கற்றோர். 1878 அளவிற் கோப்பி ஏறக்குறைய 275,000 ஏக்கரிற் பரவியிருந்தது.

இதன் கேட்டை அக்காலத்தவர் உணராதிருந்தாரல்லர். இலண்டன் கியூப் பூங்காவின் தலைவராயிருந்த யோசேப்பு ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்கலாகாதென 1873 இல் ஆலோசனை கூறினார்; அரசும் அதனை ஏற்றது. சிவனொளிபாதமலையும் ஹோட்டன் சமவெளியும் ஓரளவு தப்பியமைக்கு அதுவே காரணம். 1882 இல் வின்சென்ற் என்பாரின் அறிக்கையும், 1885 இல் வனக் கட்டளைச் சட்டமும் தொடர்ந்து வந்தன. ஆனாற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பெரும்பாலன ஐயாயிரம் அடிக்குக் கீழ்ப்பட்டவை. அவற்றுக்கு அவ்விதி பயன்படவில்லை. பயன்படுவதற்கு ஆங்கே காடும் எஞ்சியிருக்கவில்லை.

1869 இற் கோப்பியிலையிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. 'ஹெமிலெயா வஸ்டாட்ரிக்ஸ்' என்னும் பங்கசு நோய் பதினைந்தாண்டுகளுள் அப் பயிரைத் தீர்த்துக்கட்டியது. தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும் உழவுமுறை மாறவில்லை. களையென ஒரு புல்லும் நில்லாவண்ணம் மண்வெட்டியாற் சுரண்டும் வழக்கமே தொடர்ந்தது. மழை பெய்யுந்தோறும் மேல்மண் மகாவலி கங்கைக்குப் போயிற்று. பன்னூறாண்டு இலைசருகு மக்கித் திரண்ட மண் அது. இரண்டு தலைமுறையிற் கரைந்தது. 1931 இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழு அறிக்கை வெளியிட்டது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே கண்டிக் குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்து, மலைச்சரிவுகளைத் தோட்டங்கள் கவர்ந்துகொள்ளக் கிராமங்கள் பள்ளத்தில் முடங்கிய நிலையை நாடறியச் செய்தது.

கண்டியின் இடைநாட்டுத் தேயிலை, உயர்நிலத் தேயிலையோடு விலையிற் போட்டியிட வல்லதன்று. மண் மெலிந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் பின் கண்டி மாவட்டத்திற் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்திருந்த தமிழ்த் தொழிலாளர், அக்காலத்தே உணவுத் தட்டுப்பாட்டால் நலிந்தும், லயன்களிலிருந்து வெளியேற்றப்பட்டும் பட்ட துயரம் தனியாக எழுதப்படவேண்டியதொன்று. இங்கு வேண்டுவது இவ்வளவே: தேயிலைச் செடி பட்ட இடங்களில் மானாப்புல் மூடியது. கோடைதோறும் அதற்கு எவரோ தீ வைப்பர். மழைக்குப் பின் தளிர்க்கும் இளம்புல் மாட்டுக்கு நல்லது; சரிவுக்கோ அது மேலும் கேடு.

வனபரிபாலனத் திணைக்களத்தார் தேடியது இத்தகைய சரிவில் நிற்கக்கூடிய மரத்தை. ஊசியிலை மரங்களை இத்தீவில் நட்டுப் பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நுவரெலியாக் குளிரிற் கலிபோர்னியாவின் மொன்டரே சைப்பிரசும், மெக்சிக்கோவின் பட்டுலாப் பைனும் வேரூன்றின. நடுத்தர உயரங்களுக்கு ஏற்றதாகத் தெரிந்தது கரீபியப் பைன். சுதேச மரங்கள் அவ்விடத்து ஏன் நடப்படவில்லை என்று இன்று கேட்பவர் உளர். நட்டாலும் அவை வாழா என்பதே அன்றைய வனத்துறையார் விடை. அது பெரும்பாலும் உண்மையே. மழைக்காட்டு மரக்கன்றுக்கு நிழலும் ஈரமும் மக்கிய மண்ணும் வேண்டும். வெயிலிற் காய்ந்து, நெருப்பிற் கருகி, சரளைக்கல் மேலெழுந்த பத்தனைப் புல்வெளியில் அதற்கு இடமில்லை. பைனோ அவ்விடத்திற் களிப்போடு வளர்ந்தது. மாடும் ஆடும் அதனைத் தின்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கண்ணுக்கு நிறைந்த மரமாகும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பைனின் வேர் தனித்து வாழ்வதன்று. குறித்த சில பங்கசுக்கள் அதன் நுண்வேர்களைப் போர்த்துக்கொண்டு, மண்ணிலுள்ள பொசுபரசு முதலிய ஊட்டங்களை ஈர்த்துக் கொடுக்கும். மரம் தான் ஆக்கிய வெல்லத்திற் பங்கு கொடுக்கும். பைன் இயல்பாக இல்லாத நாடுகளில் முதன்முதல் நட்ட கன்றுகள் மஞ்சளித்துக் குன்றியமை இப்பங்கசு இன்மையாலேயே. வேறிடத்துப் பைன் தோப்பின் மண்ணில் ஒரு பிடி எடுத்து நாற்றுமேடையிற் கலந்ததும் கன்று தெளிந்தது. விருந்தாளி தன் துணையோடு வந்தாலன்றித் தங்குவதில்லை.

1960 களிலிருந்து 1980 கள் வரை நடுகை விரைந்து நடந்தது. நாட்டில் ஏறக்குறைய 16,000 எக்டேர் நிலம் பைன் தோட்டமாயிற்று. கடதாசிக்கு வேண்டிய நீண்ட நாரை இம்மரம் தரும் என்பது தொடக்கத்தில் ஓர் எதிர்பார்ப்பு. 1956 இல் வாழைச்சேனையில் இயங்கத் தொடங்கிய ஆலை வைக்கோலைக் கொண்டே கடதாசி செய்தது. வைக்கோல் நார் குட்டையானது. ஆயினும் பைன் காட்டை நம்பிக் கூழ்த்தொழில் எதுவும் இந்நாட்டில் எழவில்லை. வேறொரு தேவை முந்திக்கொண்டது. 1976 இற் பொல்கொல்லை அணையும், 1977 இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் கீழ்க் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை கண்டி நகரின் கிழக்கே மகாவலியைத் தேக்குகின்றது. மலையிலிருந்து மண் கரைந்து வந்தால் நீர்த்தேக்கம் தூர்ந்துபோம். ஆகவே மேல் மகாவலி நீரேந்து பரப்பை விரைவில் மரத்தால் மூடவேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் இவ்வேலைக்குப் பொருளுதவியது. விரைவில் மூடுவதற்குப் பைனை வெல்லும் மரம் கையில் இருக்கவில்லை.

எதிர்ப்பும் அக்காலத்திலேயே எழுந்தது. பைன் வந்தபின் ஊற்று வற்றியது, கிணறு வற்றியது என்று மலையடிக் கிராமத்தவர் முறையிட்டனர். சூழலியலார் அக்குரலைப் பத்திரிகைகளிற் பெருக்கினர். பைன் என்பது வடநாட்டார் தம் கடதாசிக்காக இந்நாட்டின் மேற் சுமத்திய மரம் என்றுஞ் சொல்லப்பட்டது. திணைக்களத்தார் இவற்றைப் பாமரர் அச்சமென ஒதுக்க முயன்றனர். இரு சாராரும் முழு உண்மை பேசவில்லை.

நீர்பற்றிய முறையீட்டில் உண்மை உண்டு. தென்னாபிரிக்காவின் ஜொங்கர்ஷூக் பள்ளத்தாக்கில் 1930 களிலிருந்து நடந்த அளவைகள், புதர்நிலத்திற் பைன் நட்டபின் ஓடைநீர் குறைவதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. பீஜித் தீவின் புல்வெளிகளிற் கரீபியப் பைனையே நட்ட இடத்திலும் அவ்வாறே கண்டனர். காரணம் எளிது. புல் வரட்சிக் காலத்திற் காய்ந்து உறங்கும். பைன் ஆண்டு முழுவதும் பசுமையாய் நின்று ஆழத்து நீரை உறிஞ்சி ஆவியாக விடும். மேலும் பெய்யும் மழையில் ஒரு பங்கு அதன் ஊசியிலைகளிலே தங்கி, நிலத்தைத் தொடாமலே காற்றிற் கலக்கும். ஆனால் இது பைனுக்கு மட்டும் உரிய குற்றமன்று. புல்வெளியில் எந்த அடர்ந்த காட்டை எழுப்பினும் நீர்ச்செலவு கூடும். பைனிடத்து உண்மையான குறை வேறு. பழங்காட்டிற் பலவகை இலைகள் மக்கிக் கடற்பஞ்சுபோன்ற மண்ணை ஆக்கும். அம் மண் மாரி நீரை வாங்கி வைத்துக் கோடையில் மெல்ல விடும். பைன் ஊசியோ பிசின் மிக்கது; மெதுவாகவே மக்கும். மண் வளம் பெறுமுன் மரம் நீரைச் செலவு செய்யத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே கிராமத்தவன் தை மாசியில் ஊற்றடியிற் கண்டது வெறும் கற்பனையன்று. அவன் வயலுக்கு வேண்டியது ஆண்டு மொத்தக் கணக்கிலுள்ள நீரன்று. அவ்விரு மாதத்து நீரேயாம்.

நெருப்பு மற்றொரு கேடு. காய்ந்த ஊசிப்படுக்கையில் விழும் ஒரு தீப்பொறி போதும். ஹந்தானைச் சரிவிற் கோடை நெருப்பு மூண்டு, நகரிலிருந்தே புகை தெரிந்த ஆண்டுகள் பல. பெரிய மரம் பிழைத்துக்கொள்ளும். அதன் அடியிற் பறவை கொணர்ந்த வித்திலிருந்து முளைத்த நாட்டு மரக்கன்றுகள் கருகிப்போம். அதனாற் பைனடியில் எதுவும் வளராது என்னும் கூற்றுக்கும் ஒரு திருத்தம் வேண்டும். நெருப்புப் புகாத ஓடையோரங்களில், நாட்டுக் காட்டின் எச்சம் அருகே இருக்குமாயின், பைனின் கீழே பலவகைக் கன்றுகள் தாமே முளைத்து நிற்பதைக் காணலாம். குற்றம் ஊசியிலையது மட்டுமன்று. நெருப்பினதும், அதனை மூட்டும் கையினதும் ஆகும்.

அக் கை ஏன் மூட்டுகின்றது என்பதையும் கேட்கவேண்டும். பைன் நடப்பட்ட பத்தனைகள் அரசாங்கப் பதிவேட்டில் வெற்று நிலம். கிராமத்தவர்க்கோ மாடு மேய்த்த நிலம், கூரை வேயப் புல் அறுத்த நிலம். தோட்டத்து லயன்களில் வாழ்வோர்க்கு அது விறகெடுத்த நிலம். பைன் விறகு சட்டெனப் பற்றினும் கரும்புகை கக்கிச் சட்டிபானையைக் கரியாக்கும். புல்லும் போயிற்று, நல்ல விறகுமில்லை, நீருங் குறைந்தது. 1840 இற் சட்டத்தால் இழந்த மலையை, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் முறையாக மரத்தால் இழந்ததாக அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. மரத்தின்மேற் காட்டிய சினத்திற் பாதி, கேளாமல் நட்டவர்மேலுள்ள சினமே. ஒப்புநோக்க ஒன்று: உடவத்தைக் காட்டினுட் புகுந்து பரவி நாட்டு மரக்கன்றுகளை நெருக்கிவரும் பல்சம் மரமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அது ஊசியிலை மரமன்று. பார்வைக்குப் பிற காட்டுமரம் போன்றதே. பைனைப்போல அணிவகுத்து நிற்காமையால் அதனை ஏசுவார் அரியர். காட்டுக்கு அது செய்யும் கேடோ சிறிதன்று.

பைனால் வந்த பயன்களுள் இன்று முதன்மையானது பிசின். பட்டையைச் சீவி, மரத்தில் மேல்விரிந்த கோடுகளாகக் கீறி, அமிலக் குழம்பைத் தடவி, கீழே பொலித்தீன் பையைக் கட்டுவர். சில நாளுக்கொருமுறை முந்திய கீறலுக்கு மேலே புதுக் கீறல் இடவேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்கள் இவ்வேலையை நடத்துகின்றன. இறப்பர் பால் வெட்டுவதைப் போலவே இதற்கும் கைப்பழக்கம் வேண்டும். ஆழக் கீறினால் மரம் நலியும்; மேலாகக் கீறினாற் பிசின் சுரவாது. இப் பிசினைக் காய்ச்சி வடிக்க, ஆவியாய் எழுந்து குளிர்வது கடைகளிற் கர்ப்பூரத் தைலம் என விற்கும் டர்ப்பென்டைன். அடியில் உறைவது ரோசின். முன்னது வர்ணத்துக்கும் வலி தீர்க்கும் தைலத்துக்கும் செல்லும். பின்னது சவர்க்காரம், வார்னிஷ், கடதாசிப் பூச்சு ஆகியவற்றுக்கு உதவும். வயலின் வித்துவான் கச்சேரிக்கு முன் வில்லிற் பூசும் கட்டியும் அதுவே.

'கர்ப்பூரத் தைலம்' என்ற தமிழ்ப் பெயர் முன்னாளில் மணம் பற்றி வந்ததாயிருக்கலாம். பின்னர் அது பொருளாலும் உண்மையாயிற்று. கீழ்நாட்டுக் கர்ப்பூர மரத்திலிருந்து எடுத்த கர்ப்பூரத்தின் இடத்தை, இருபதாம் நூற்றாண்டில் டர்ப்பென்டைனிலுள்ள பைனீன் என்னும் பொருளிலிருந்து இரசாயன முறையாற் செய்த கர்ப்பூரம் பிடித்தது. பின்லாந்து நாட்டு அறிஞர் கொம்ப்பா 1903 இல் கர்ப்பூரத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில் அது ஆலைத்தொழிலாயிற்று. இன்று இந்தியாவில் ஆலைகள் பெருவாரியாகச் செய்யும் பூசைக் கர்ப்பூரமும் பைன் பிசினின் வழிவந்ததே. கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் ஆரத்திக்கு ஏற்றும் கட்டி எந்நாட்டு மரத்தினின்று வந்ததென்று எவரும் கேட்பதில்லை. மாய நகரத்திற் பைன் கட்டையை வழிபாட்டில் எரித்தோரும், கண்டியிற் கர்ப்பூரம் ஏற்றுவோரும் ஒரு மரக்குடும்பத்தின் பிசினையே சுடராக்குகின்றனர்.

பலகையாக இம்மரம் நடுத்தரமானது. அறுத்தவுடன் உலர்த்தாவிடில் நீலக்கறை படியும். மருந்தேற்றாவிடிற் கறையான் அரிக்கும். மருந்தேற்றியபின் தளபாடம், பெட்டி, கட்டட வேலைக்குரிய பலகை என்பனவற்றுக்கு உதவும். முதிரைக்கும் தேக்குக்கும் பழகிய தச்சர் இதனை இன்னும் இரண்டாந்தரமாகவே மதிக்கின்றனர்.

புதிய நிலத்திற் பைன் நடுவதை வனத்துறையார் பின்னர்க் கைவிட்டனர். நட்டவற்றை என் செய்வது என்பதே எஞ்சிய வினா. இதற்கு ஒரு விடை பேராதனைத் தாவரவியலாரிடமிருந்து வந்தது. தென்மேற்கே சிங்கராசா மழைக்காட்டின் விளிம்பிலும் கரீபியப் பைன் நடப்பட்டிருந்தது. ஆங்கே நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகிய பேராசிரியரும், அமெரிக்க வனவியலார் மார்க் ஆஷ்டனும் 1990 களில் ஒரு பரிசோதனை நடத்தினர். பைன் வரிசைகள் சிலவற்றை வெட்டி வெளிச்சம் திறந்து, இடையில் நாகமரம், ஹொர, துன் வகைகள் முதலிய மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர். வெட்டவெளியில் வாழாத கன்றுகள் பைனின் நிழலில் வாழ்ந்தன. மரத்தை முழுதும் விட்டுவைத்த இடத்தைக் காட்டிலும், மூன்று வரிசை நீக்கிய இடைவெளியில் அவை செழித்தன. பைன், நாட்டுக் காட்டுக்குச் செவிலித்தாயாக உதவும் என்பது இதனாற் புலனாயிற்று. செவிலியைத் தாயென்று கொண்டதும், பின்னர்ப் பேயென்று கொண்டதும் ஒருங்கே பிழைபட்ட கணிப்புகளாகும்.

சிங்கராசாவிற் கண்டதைக் கண்டி மலைக்கு அப்படியே கொண்டுவரல் எளிதன்று. ஆங்கே மழை மிகுதி. பழங்காடு அடுத்தே உள்ளது. வித்துச் சுமக்கும் பறவையும் வெளவாலும் உள. ஹந்தானையில் மண் மெலிந்தது, கோடை நீண்டது, நெருப்பு ஓய்வதில்லை. தும்பறை மலைத்தொடர் 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. மாத்தளைப் பக்கத்திலிருந்து அதற்கு ஏறுவோர் பைன் தோட்டங்களின் ஊடாகவே செல்லவேண்டியிருக்கின்றது. ஹந்தானையும் அவ்வாண்டிற் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இதற்கிடையே பல்கலைக்கழக மாணவர் தலைமுறைக்குப் பைன் தோப்பு படிக்கவும், பாடவும், படம் எடுக்கவும் உகந்த இடமாகி, அவர்தம் நினைவிற் பேராதனையின் அழகோடு பிரியாது கலந்துவிட்டது. வெட்டுவதென்றால் அவருள்ளும் எதிர்ப்போர் உளர்.

மாற்றி நடும் வேலை ஆங்காங்கே நடைபெறுகின்றது. நாட்டு மரத்துக்கு வெளிச்சம் வேண்டுமெனின் பைனை வெட்டவேண்டும். பிசின் வேண்டுமெனின் பைனை நிறுத்தவேண்டும். ஒரே சரிவில் இரண்டும் நடவா. வரிசைக்கு மூன்றென எண்ணி வெட்டுவதற்கும், நட்ட கன்றைப் பத்துக் கோடை நெருப்பினின்று காப்பதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் மலையடிக் கிராமங்களிலும் லயன்களிலுமே இருக்கின்றனர். பிசின் பை கட்டுவதற்கு அவர்க்குக் கூலி கிடைக்கின்றது. கன்று காப்பதற்குக் கிடைப்பதோ அருமை.